சாப்பாடு முதலில், டாஸ் பிறகு

கிரிக்கெட் மட்டையை நான் ஒழுங்காகப் பிடித்ததே கிடையாது. நான் கோவில்பட்டிக்காரன். எனக்குத் தெரிந்த மட்டை ஹாக்கி மட்டை. அப்படிப்பட்டவன் கையில் ஜெர்மனியின் பல்கலைக்கழகக் கிரிக்கெட் லீக்கின் அட்டவணை இத்தனை வருடம் இருந்ததென்றால் அதற்குக் காரணம் என் திறமை அல்ல, என் முகம்தான். மியூனிக் பக்கத்துக் கார்ஹிங் வளாகத்தின் விளையாட்டுப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மைதானம் வேண்டும் என்று கேட்டு இந்திய மாணவர்கள் சிலர் வந்து நின்றார்கள். என் மேலதிகாரி அம்மாள் அவர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இது உங்கள் ஊர் ஆட்டம்தானே, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுக் காபி எடுக்கப் போய்விட்டார். பெர்லினில் பிறந்த ஒருவரைக் கூப்பிட்டு, பனிச்சறுக்கு உங்கள் ஊர் ஆட்டம்தானே என்று கேட்பது மாதிரிதான். ஆனால் சம்பளம் கொடுப்பவரிடம் அதை எப்படிச் சொல்வது?

இப்போது அந்த நாற்காலிக்கு நீங்கள் மூன்று பேர் வந்திருக்கிறீர்கள். மூவருமே கிரிக்கெட் ஆடியவர்கள், மூவருக்கும் கணினி கைவந்த கலை. மைதானம் பிடிப்பது, நடுவருக்குச் சொல்வது, மழைக்கு மாற்று நாள் வைப்பது இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எப்படியும் ஒருநாள் யாராவது உங்கள் முன்னால் வந்து நின்று, "ஊரைப் பார்த்து அணிகளைப் பிரிக்காதீர்கள், வெற்றியைப் பார்த்துப் பிரியுங்கள்" என்று கேட்கத்தான் போகிறார்கள். கேட்கும்போது மிக நியாயமாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதனால் அந்தக் கதையை மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஆரம்பத்தில் லீக் நான்கு மண்டலங்களாக இருந்தது. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் தங்களுக்குள் ஆடும், நான்கு மண்டல வெற்றியாளர்களும் கடைசியில் மோதுவார்கள். மாணவர் பயணச்சீட்டில் உள்ளூர் ரயிலில்தான் ஏறலாம், வேக ரயிலில் ஏறக் கூடாது. அதனால் பக்கத்து ஊர் என்பது வெறும் வசதி இல்லை. காலையில் கிளம்பி, ஆடிவிட்டு, மறுநாள் காலை ஆய்வகத்துக்குப் போய்ச் சேரலாம் என்பதுதான் அதன் அர்த்தம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் கடை எல்லாம் சாத்தியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எங்களுக்குக் கிடைக்கிற மைதானங்களோ ஊருக்கு வெளியே, ஒரு டீ கூடக் கிடைக்காத இடத்தில். அதனால் சொந்த மைதானத்து அணி சமைத்து எடுத்துக்கொண்டு வரும். வந்த அணிக்கும் சேர்த்துத்தான் சமையல். ஆட்டத்தின் நடுவே எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். லாகூர்ப் பையன் பிரியாணி செய்வான், டாக்காப் பையன் மீன் குழம்பு வைப்பான், நம் பிள்ளைகள் விடுதி அடுக்களையில் எலுமிச்சைச் சாதம் கிளறி எடுத்துவருவார்கள். ஸ்கோரைப் பற்றி எத்தனை சண்டை போட்டாலும் சாப்பாட்டைப் பற்றி ஒரு புகாரும் எனக்கு வந்ததில்லை. ஒரு முறை உப்பு அதிகம் என்று வந்தது, அது என் சமையல்.

சில வருடங்களில் பெரிய பல்கலைக்கழக அணிகள் முணுமுணுக்கத் தொடங்கின. வாரா வாரம் சோப்ளாங்கி அணிகளோடு ஆடி எங்களுக்கு என்ன பயன் என்று கேட்டார்கள். கேள்வியில் தவறில்லை. மேற்கில் ஆகன் அணி, தெற்கில் எங்கள் கார்ஹிங் அணி இரண்டும் தங்கள் மண்டலத்தில் யாரையும் மூச்சு விட விடவில்லை. அதனால் அட்டவணைக் குழு கூடி, மண்டலங்களைக் கலைத்துவிட்டு மூன்று டிவிஷன்களாகப் பிரிப்பது என்று முடிவு செய்தது. வென்றவர்கள் மேலே, சுமாரானவர்கள் நடுவில், தோற்றவர்கள் கீழே. ஊர் எங்கே இருக்கிறது என்பது கணக்கில் வராது.

குழுவில் இருந்தவர்கள் எல்லாருமே எஞ்சினியரிங் பிள்ளைகள். கேட்கவா வேண்டும். ஒருவன் ஓட்ட விகிதத்துக்கு மதிப்பெண் போட்டான், இன்னொருவன் எதிரணியின் பலத்துக்கு மதிப்பெண் போட்டான், மூன்றாமவன் ஒரு வருட முடிவை மட்டும் பார்த்தால் அதிர்ஷ்டம் கலந்துவிடும், மூன்று வருடச் சராசரிதான் நியாயம் என்றான். எல்லாரும் கைதட்டினார்கள், நானும்தான். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாரும் இரண்டு வருட முதுகலைப் படிப்புக்கு வந்தவர்கள். அதில் ஒருவன்கூட இந்த நாட்டில் மூன்று வருடம் முழுசாக இருந்தவன் இல்லை. மூன்று வருடச் சராசரி யாருடையது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அந்தச் சராசரியில் மேல் டிவிஷனுக்கு வந்து சேர்ந்த அணிகளில் ஒன்று ஹாலே.

ஹாலே சின்ன ஊர். முன்பு அங்கே அருமையான அணி ஒன்று இருந்தது, கிழக்கு மண்டலத்தை அடுத்தடுத்து வென்றது. அந்தப் பிள்ளைகள் படிப்பை முடித்துவிட்டு ஸ்டுட்கார்ட்டுக்கும் மியூனிக்குக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது ஜெபராஜ் ஒருவன்தான். அவன் முனைவர் பட்டத்துக்குப் படித்ததால் இருந்தான். தூத்துக்குடிப் பையன். எஞ்சினியரிங் இல்லை, வரலாறு. அங்கே ஒரு பழைய அறக்கட்டளையின் ஆவணக் காப்பகத்தில், தரங்கம்பாடியிலிருந்து கப்பலில் வந்த பழைய தமிழ்க் கடிதங்களை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி, பந்தை மெதுவாகத்தான் போடுவான். புதிதாக வந்த பிள்ளைகளைச் சேர்த்து ஒரு அணி என்று நிறுத்தியிருந்தான். அதில் இரண்டு பேர் டென்னிஸ் பந்தைத் தவிர வேறு பந்தில் ஆடியதில்லை.

அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு அவர்கள் கார்ஹிங் வந்தார்கள். விடியுமுன் கிளம்பி, ரயில் மாறி மாறி, கடைசியில் யு-பான் என்ற சுரங்க ரயிலில் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினார்கள். எங்கள் பிள்ளைகள் அவர்களைத் துவைத்து எடுத்தார்கள். பார்க்கவே சங்கடமாக இருந்தது. ஆட்டம் முடிந்ததும் ஜெபராஜிடம் போய், "தம்பி, உங்களைத் தப்பான இடத்தில போட்டுட்டாங்க போல. கீழ் டிவிஷனுக்கு மாத்தச் சொல்லி எழுதிக் குடு, நான் பாக்கறேன்" என்றேன்.

அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இல்ல சார், சீசன் நடுவுல மாத்துனா மத்தவங்க அட்டவணையெல்லாம் கலைஞ்சுரும். நாங்க ஆடிட்டே கத்துக்கிடுதோம்" என்றான்.

"எல்லா ஆட்டமும் இந்த மாதிரி தூரம்தான். தெரியும்ல?"

"தெரியும் சார். எங்க காப்பகத்துல இருக்குற ஒரு கடிதம் இங்க வந்து சேர ஒரு வருஷம் ஆகிருக்கு. எங்களுக்கு ஒரு பகல்தான?"

எனக்கு அன்றைக்கே அவனைப் பிடித்துப்போயிற்று. தோற்றுவிட்டு வந்து குறை சொல்லாத தலைவனை அதற்கு முன் நான் அதிகம் பார்த்ததில்லை. அவன் ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனான், தோற்றான், எதிரணித் தலைவனின் கையைக் குலுக்கினான், எனக்கு நன்றி சொல்லி ஒரு செய்தி அனுப்பினான். ஒரே ஒரு முறை, ஃப்ரைபுர்க் ஆட்டத்துக்குத் தேர்வு காரணமாக ஆள் சேராமல் போக முடியவில்லை. அது வாக் ஓவர் ஆகிவிட்டது.

இங்கேதான் சிக்கல். ஆட்டம் தொடங்க வேண்டிய நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அணி வந்து சேராவிட்டால் எதிரணிக்கு வெற்றி. ஒரு பருவத்தில் இரண்டாவது முறையும் அப்படி ஆனால் அந்த அணி லீக்கிலிருந்து நீக்கம். ஹாலேயில் நீக்கம் என்றால் வெறும் நீக்கம் இல்லை. அந்த ஊர் மைதானத்தின் ஞாயிற்றுக்கிழமை நேரம் லீக்கில் ஆடும் அணி என்பதால்தான் அவர்களுக்குக் கிடைத்தது. இன்னொரு சங்கம் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. ஒரு தடவை விட்டால் விட்டதுதான், ஹாலேயில் அதற்குப் பிறகு கிரிக்கெட் கிடையாது.

பருவத்தின் கடைசி ஆட்டம் ஆகனில். ஹாலே நாட்டின் ஒரு பக்கம், ஆகன் மறு பக்கம், எல்லைக் கோட்டில். நானும் போயிருந்தேன். என் மேலதிகாரி அம்மாளுக்குக் கிரிக்கெட்டில் பந்து எது என்பதைத் தவிர எதுவும் தெரியாது. ஆனால் அட்டவணை போடுகிறவர் பருவத்தின் கடைசி நாளில் ஏதாவது ஒரு மைதானத்தில் நிற்க வேண்டும் என்பதில் மட்டும் அவர் விடாப்பிடியாக இருந்தார். "நீங்கள் போட்ட கட்டங்கள் மனிதர்களை என்ன செய்தன என்று பார்த்துவிட்டு வாருங்கள்" என்பார். அவர் பெயரை எழுத வேண்டாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த ஒரு கட்டளைக்காக மட்டுமே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அன்றைய நிலவரம் இது. ஆகன் வென்றால் கோப்பை ஆகனுக்கு. ஆகன் வெல்லாவிட்டால் கோப்பை கார்ஹிங்குக்கு. ஆகன் அணியின் தலைவன் நிரோஷன். ஈழத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்ததெல்லாம் ஆகன் பக்கத்தில்தான். அகலமான தோள், அதிகம் பேசமாட்டான், பந்தை அடித்தால் பக்கத்து நாட்டில் தேட வேண்டியிருக்கும். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டான், அதுதான் அவனுக்குக் கடைசி ஆட்டம். முந்தின இரண்டு வருடமும் இறுதி வரை வந்து கோப்பையைத் தவறவிட்டவன். அவன் அம்மாவும் அணிப் பிள்ளைகளும் சேர்ந்து சமைத்த சோறும் கோழிக் கறியும் கத்தரிக்காய்ப் பொரியலும் பெரிய பெரிய சட்டிகளில் மைதானத்து ஓரம் மூடி வைத்திருந்தது.

ஆட்டம் தொடங்கும் நேரம் வந்தது. ஹாலே அணி வரவில்லை. ஜெபராஜிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

"சார், ரயில வேற பாதையில திருப்பி விட்டுட்டாங்க. ஒரு சின்ன ஸ்டேஷன்ல நிக்குதோம். அடுத்த வண்டி வந்துட்டு இருக்காம். வந்துருவோம் சார், ஆனா ஒரு மணி நேரத்துக்குள்ள வர முடியாது."

"எத்தனை பேர் இருக்கீங்க?"

"பதினொண்ணு சார். இன்னைக்கு எல்லாரும் வந்துருக்காங்க." அவன் குரல் முதல் முறையாக உடைந்து கேட்டது. "எங்களுக்காக விதியை மீறுங்கன்னு கேக்க மாட்டேன் சார். நாங்க கெளம்பி வந்தோம்னு மட்டும் உங்களுக்குத் தெரியணும்."

போனை வைத்துவிட்டு நான் நின்ற நிலையைச் சொல்கிறேன். வாக் ஓவர் எழுதினால் விதிப்படி சரி, ஆகனுக்குக் கோப்பை, யாரும் என்னைக் கேள்வி கேட்க மாட்டார்கள். ஹாலே அணி அத்தோடு காலி. நானாகப் பார்த்துக் கூடுதல் நேரம் கொடுத்தால் அது சலுகை. அதுவும் எப்படிப்பட்ட சலுகை? மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தாமதமாகத் தொடங்கி, மழை வந்து, ஆட்டம் முடியாமல் போனால் கோப்பை கார்ஹிங்குக்குப் போகும். நான் கார்ஹிங் ஆள். சம்பளம் அங்கேதான். ஊரே என்னைக் காறித் துப்பும். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

அப்போது நிரோஷன் வந்தான். நிலவரத்தைச் சொன்னேன். அவன் சட்டிகளைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணை, சாப்பாட்டு நேரத்தை ரெண்டு கப்டனும் சம்மதிச்சா மாத்தலாம் எண்டு ஒரு விதி இருக்குத்தானே?"

இருந்தது. நோன்பு மாதத்தில் ஆடுகிற பிள்ளைகளுக்காகப் போட்ட விதி. இடைவேளையை முன்னால் பின்னால் தள்ளிக்கொள்ளலாம் என்று. அதை யாரும் வேறு எதற்கும் பயன்படுத்தியதில்லை.

"அப்ப முதல் சாப்பாட்டை வைப்பம். பிறகு டாஸ் போடுவம். சாப்பாட்டு நேரம் முடிஞ்ச பிறகுதானே ஆட்டம் தொடங்கும் நேரம்? அதுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் அவையளுக்கு இருக்கு. அந்த கப்டனிட்ட போன்ல கேளுங்கோ, அவரும் ஓம் எண்டு சொல்லுவார்."

அவன் அணியில் இருந்த ஒருவன் பின்னாலிருந்து ஜெர்மன் மொழியில் ஏதோ கோபமாகச் சொன்னான். கோப்பை கைக்கு வந்துவிட்டது, எதற்கு இந்த வேலை என்பதுதான் அதன் சாரம். நியாயமான கோபம்தான்.

நான் நிரோஷனைத் தனியே கூப்பிட்டேன். "தம்பி, நல்லா யோசிச்சுச் சொல்லு. வாக் ஓவர் எழுதினா கோப்பை உனக்கு. மழை வந்தா உனக்குத்தான் நஷ்டம், லாபம் எங்க ஆளுங்களுக்கு. இது உனக்குக் கடைசி ஆட்டம்."

"தெரியும் அண்ணை."

"அப்புறம் ஏன்?"

அவனுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை என்று நினைக்கிறேன். சட்டிகளைக் காட்டினான். "சமைச்சு வச்சிட்டம் அண்ணை. ஆக்கள் வராமல் எப்பிடிச் சாப்பிடுறது?"

நான் ஜெபராஜைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். "சம்மதம் சார்" என்றான். நடுவரிடம் விதியைக் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, இதில் தப்பு சொல்ல எனக்கு இடமில்லை என்றார். இடைவேளையை முன்னால் போட்டு நான் கையெழுத்திட்டேன். உங்களிடம் வெளிப்படையாகச் சொல்கிறேன், அந்த யோசனை எனக்கு வந்ததில்லை. நான் விதியை மீறலாமா கூடாதா என்று முழித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையன் விதியை மீறாமல், தன் கோப்பையைப் பணயம் வைத்து, அந்த அணியைக் காப்பாற்றினான்.

ஆகன் பிள்ளைகள் யாரும் சாப்பிடவில்லை. கோபப்பட்ட பையன்கூட ஒரு வாய் எடுக்கவில்லை. தட்டுகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். ஹாலே பிள்ளைகள் பேருந்து நிறுத்தத்திலிருந்து பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஜெபராஜ் மூச்சு வாங்க நிரோஷன் முன்னால் வந்து நின்றான்.

நிரோஷன் அவன் கையில் ஒரு தட்டைக் கொடுத்து, "முதல் சாப்பிடுங்கோ. பிறகு உங்களை நல்லா அடிப்பம்" என்றான்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சோற்றின் ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது.

சொன்னபடி அடித்தார்களா என்றால், அது அவ்வளவு சுலபமாக இல்லை. அன்றைக்கு ஹாலே பிள்ளைகளுக்கு என்ன வந்ததோ, விட்டுக்கொடுக்காமல் ஆடினார்கள். ஜெபராஜின் மெதுவான பந்து பாய் விரித்த பிட்சில் விழுந்து நின்று நின்று வந்தது. ஆனாலும் நிரோஷன் நின்றுகொண்டான். இன்னும் கொஞ்சம் ஆடினால் ஆகன் வென்றிருக்கும். அப்போது மழை பிடித்துக்கொண்டது. ஆகன் மழை சும்மா வராது. குறைந்தபட்ச ஓவர்கள் முடியவில்லை. முடிவில்லை என்று அறிவித்தோம். கோப்பை கார்ஹிங்குக்குப் போயிற்று.

நிரோஷன் கூடாரத்துக்குள் வந்து கையுறையைக் கழற்றினான். நான் அவன் முகத்தைப் பார்க்கவே தயங்கினேன். "கவலையாத்தான் இருக்கு அண்ணை" என்றான் நேராகவே. "ஆனால் திரும்பக் கேட்டாலும் இதைத்தான் செய்வன்." பிறகு மிச்சக் கறியை ஹாலே பிள்ளைகளுக்கு ரயிலில் சாப்பிடக் கட்டிக் கொடுக்கச் சொன்னான். என் வேலைக்காலத்தில் எத்தனையோ வெற்றி விழாவுக்குப் போயிருக்கிறேன். கோப்பையை இழந்த ஒருவனை அப்படி நிமிர்ந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த ஆண்டின் பொதுக்கூட்டம் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்தது. நான் எதிர்பார்த்தது நடந்தது. வடக்கு அணித் தலைவர் ஒருவர் எழுந்து, அட்டவணைச் செயலாளர் தன் பல்கலைக்கழகத்துக்குக் கோப்பை போகும்படி இடைவேளையை மாற்றினார் என்று சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். நான் பதில் சொல்ல வாய் திறக்குமுன் நிரோஷன் எழுந்துவிட்டான். வேலைக்குப் போய்விட்டவன், விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தான்.

"நான்தான் கேட்டனான்" என்றான். "அவர் நல்லா யோசி எண்டுதான் சொன்னவர். போனது எங்கட கோப்பை. எங்களுக்கு இல்லாத கோபம் உங்களுக்கு ஏன்?"

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு ஜெபராஜ் எழுந்தான். தன் அணியைக் கீழ் டிவிஷனுக்கு மாற்றக் கேட்பான் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

"நீங்க எங்களை மேல போட்டது தப்புன்னு சொல்ல வரல" என்றான். "ஜெயிச்ச அணியத்தான் மேல போட்டீங்க. ஆனா ஜெயிச்சவங்க இப்ப ஸ்டுட்கார்ட்ல கார் கம்பெனியில இருக்காங்க. அவங்களைத்தான் நீங்க மேல் டிவிஷன்ல போட்டுருக்கீங்க. ஞாயித்துக்கிழமை அவங்க வீட்ல தூங்குதாங்க, அவங்களுக்குப் பதிலா நாங்க ரயில்ல போறோம்."

அரங்கமே சிரித்தது. பிறகு ஒவ்வொருவரும் தங்கள் அணியை நினைத்துப் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். அங்கே கோப்பையோடு உட்கார்ந்திருந்த எங்கள் கார்ஹிங் அணியிலேயே பாதிப் பேர் அடுத்த வசந்தத்தில் இருக்கப் போவதில்லை.

அவன் சொன்ன திட்டம் எளிமையானது. பருவத்தின் முதல் பாதியில் பக்கத்து ஊர்களோடு ஆடுவது. அந்த முடிவுகளை வைத்து, இரண்டாம் பாதியில் பலம் உள்ளவர்கள் பலம் உள்ளவர்களோடு, மற்றவர்கள் மற்றவர்களோடு. வெற்றியைப் பார்த்துப் பிரிக்கலாம், ஆனால் இந்த வருடத்துப் பிள்ளைகளின் வெற்றியைப் பார்த்து இந்த வருடமே பிரிக்க வேண்டும். பெரிய அணிகளுக்கும் நல்ல போட்டி கிடைக்கும், புதிதாக வந்தவர்கள் பக்கத்து ஊரில் நாலு ஆட்டம் ஆடிக் கால் ஊன்றிக்கொள்ளலாம். மூன்று வருடச் சராசரி போட்ட பையன்தான் முதலில் கை தூக்கினான். அதுவும் பெரிய மனசுதான். இன்றைக்கு நீங்கள் பார்க்கிற அட்டவணை அப்படி வந்ததுதான்.

அதனால் யாராவது உங்களிடம் வந்து வெற்றியைப் பார்த்துப் பிரியுங்கள் என்று கேட்டால் கோபப்படாதீர்கள், அது பேராசை என்றும் நினைக்காதீர்கள். யாருடைய வெற்றி, அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள். கல்லூரி அணியில் ஊர் அங்கேயே இருக்கும். வெற்றி பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடும்.

எல்லாமே போய்விடுகிறது என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன், இந்தக் கோடை வரைக்கும்.

ஓய்வு பெறுவதற்கு முன் என் கடைசி ஆட்டமாக எந்த மைதானத்துக்குப் போவது என்று மேலதிகாரி அம்மாள் கேட்டார். ஹாலே என்றேன். ஹாலே இந்த வருடம் கிழக்கில் நன்றாக ஆடி, இரண்டாம் பாதியில் மேல் வரிசைக்கு வந்திருந்தது. எதிரணி ஆகன். ஜெபராஜ் பட்டம் வாங்கி ஊருக்குப் போய், பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறான். நிரோஷன் பிரேமனில் வேலையில் இருக்கிறான். அன்றைக்கு ஆகனில் ஆடிய பிள்ளைகளில் ஒருவர்கூட இரண்டு அணியிலும் இல்லை.

ஹாலேயின் புதுத் தலைவன் ஈரோட்டுப் பையன். போன வருடம்தான் படிக்க வந்தான். நான் போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் தொடங்கும் நேரம் நெருங்கியிருந்தது. ஆகன் அணியைக் காணோம். நடுவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பையன் பதற்றமே இல்லாமல் மைதான ஓரத்தில் பாயை விரித்து, சாப்பாட்டுப் பாத்திரங்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, டாஸ் இன்னும் போடலையே?" என்றேன்.

"ரயில் லேட்டுங்க சார். அந்த டீம் கேப்டன்கிட்ட போன்ல சொல்லிட்டேனுங்க, அவரும் சரின்னுட்டார். சாப்பாட்ட முன்னால போட்டுக்கறோமுங்க."

"இந்த யோசனை யார் குடுத்தது?"

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். "யோசனையெல்லாம் இல்லீங்க சார். தூரத்திலிருந்து வர்ற டீம் லேட்டானா இங்க எப்பவும் அப்படித்தானுங்க. நான் வந்ததிலிருந்தே அப்படித்தானுங்க."

"அவங்க வரலேன்னா ஜெயிச்சது நீங்கதானே?"

என் கேள்வி அவனுக்குப் புரியவில்லை. கையில் இருந்த கரண்டியால் பாத்திரங்களைக் காட்டினான்.

"சமைச்சு வெச்சாச்சுங்க சார். ஆளு வராம எப்படிங்க சாப்பிடறது?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நிரோஷன் என்ற பெயரை அவன் கேள்விப்பட்டிருக்கவே மாட்டான். சொல்லலாமா என்று நினைத்தேன், பிறகு சொல்லவில்லை. அவனுக்கு அது யாரோ ஒருவர் செய்த பெரிய காரியமாகத் தெரிய வேண்டாம், எப்போதும் இங்கே நடப்பதாகவே இருக்கட்டும் என்று தோன்றியது.

அவன் எனக்கும் ஒரு தட்டைக் கொடுத்தான். மற்றப் பிள்ளைகள் தட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் என் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர்களோடு உட்கார்ந்தேன்.